பிடியோரம் ஒரு விரற்கடை

பிரபுவின் வலது கை கரடிக் கை. இடது முன்கையில் மட்டும் ஒரு மயிர் கிடையாது. பிறந்த குழந்தையின் கை மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். எல்லாம் அவன் சட்டைப்பையில் இருந்த கத்தியின் கைங்கரியம். டீக்கடையில் யாராவது, "எங்க, அந்தச் சிங்கப்பூர்க் கத்தியக் காட்டு" என்று கேட்டுவிட்டால் போதும். கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுவான். மடிந்திருந்த அலகு விரிந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். முன்கையில் மெல்ல ஓர் இழுப்பு. மயிர் பொடிப்பொடியாக உதிரும். பார்த்தவர்கள் தங்கள் கையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன் தம்பி சதீஷ். அவனுக்குச் சிங்கப்பூரில், வெட்டுக்கருவிகள் செய்கிற பட்டறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது கத்தியை அண்ணன் கையில் வைத்துவிட்டு ஒரு பிரசங்கமே செய்தான்.

"இரும்பு எவ்வளவு கெட்டின்னு பாக்குறதுக்கு எங்க பட்டறையில ஒரு மெஷின் இருக்குண்ணே. வைர முனைய வச்சு அழுத்தும். எவ்வளவு பள்ளம் விழுதோ அதுக்குத் தக்கன நம்பர் காட்டும். அண்ணி அடுப்படியில வச்சிருக்காங்களே, அந்தக் கத்தி அம்பத்து நாலு இருந்தா அதிகம். இது அறுபத்திரண்டு."

"எட்டுதானே கூட?" என்றாள் பிரபுவின் மனைவி பூர்ணிமா, தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த எட்டுக்குத்தான் அண்ணி இம்புட்டு விலை. உங்க கத்தி ரெண்டு நாள்ல மழுங்கிடும், அழுத்தினா வளைஞ்சும் குடுத்துடும். இது மாசக்கணக்குல கூர் நிக்கும். வளையவே வளையாது."

வளையாது என்ற சொல் பூர்ணிமாவின் மனசில் உட்கார்ந்துகொண்டது. வளையாதது என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒரு வைக்கோல் கட்டும் மெஷின் வைத்திருந்தார்கள். அறுவடை வண்டி நெல்லை உதிர்த்துக்கொண்டு போன பிறகு வயலில் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை அது வாரி விழுங்கும். உருட்டித் திரட்டி, பிளாஸ்டிக் நூலைச் சுற்றிக் கட்டி, பின்பக்கம் தள்ளும். டிராக்டரின் பின்னால் பூட்டி ஓட்ட வேண்டும். டிராக்டரிலிருந்து ஓர் இரும்புத் தண்டு சுழன்று மெஷினைச் சுழற்றும். தை, மாசி இரண்டு மாதம்தான் வேலை. அந்த இரண்டு மாதமும் பூர்ணிமாவின் போன் ஓயாது. எந்த ஊர், யார் வயல், ஈரம் காய்ந்ததா, வண்டி இறங்க வழி இருக்கிறதா என்று கேட்டு முறை போடுகிறவள் அவள்தான்.

மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பத்துக் கட்டுக்கு ஒரு தடவையாவது நூல் வழி தவறி உருளையில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அங்கே கை வைக்க வேண்டும். ஆனால் அவர்கள் டிராக்டரில் செல்ப் மோட்டார் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நிறுத்திவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் மறுபடி கிளப்ப வேண்டும். சேறு காயாத வயலில் எங்கே தள்ளுவது? அதனால் டிரைவர் வீரையன் எஞ்சினை ஓடவிட்டு, தண்டைச் சுழற்றும் லிவரை மட்டும் விலக்கி வைப்பார். பிரபு குனிவான். ஒரே இழுப்பு. நூல் அறுந்து, கை வெளியே வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

லிவர் தேய்ந்த லிவர், எப்போது தானாகச் சறுக்கித் தண்டைச் சுழற்றிவிடும் என்று சொல்ல முடியாது. அது பிரபு, வீரையன், பூர்ணிமா மூன்று பேருக்குமே தெரியும். அந்த ஒரே இழுப்பு இருக்கிற வரைக்கும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தை பிறந்த புதிதில் பிரபு மூன்று நாள் காய்ச்சலில் படுத்தான். கத்தி அலமாரியில் கிடந்தது. கஞ்சிக்குத் துவையல் அரைக்க வேண்டும். அடுப்படிக் கத்தியின் முனை, தேங்காய்ச் சில்லை நெம்பி நெம்பிக் கிளிமூக்கு மாதிரி வளைந்துபோயிருந்தது. பூர்ணிமாவுக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது. வளையாது.

முதல் சில்லு பதவிசாகக் கழன்று வந்தது. இரண்டாவது சில்லை நெம்பும்போது 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம். நகம் ஒடிகிற மாதிரி. எடுத்துப் பார்த்தாள். எள்ளில் பாதி அளவுக்கு முனையைக் காணவில்லை. விளிம்பின் நடுவிலும், பால் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு பொக்கை.

ஒடிந்த துணுக்கு துவையலுக்குள் போய்விடக் கூடாதே என்று மொத்தத் தேங்காயையும் கொல்லையில் கொட்டிவிட்டு, பொட்டுக்கடலையை அரைத்தாள்.

"தேங்கா போடலையா?" என்றான் பிரபு, பாயில் படுத்தபடி.

"அழுகிப்போச்சுங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் அடிக்கிறவன் இல்லை, கத்துகிறவனும் இல்லை. ஆனால் ஒன்று மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவான். கல்யாணமான புதிதில் அவன் போனை ஊறவைத்த துணியோடு சேர்த்து வாளியில் போட்டுவிட்டாள். ஒன்பது நாள் பேச்சில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டான், கேட்டால் தலையாட்டினான். அடித்திருந்தால்கூட ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போயிருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. அந்த ஒன்பது நாளுக்குப் பயந்துதான் மறுநாள் மாத்திரை வாங்குகிற சாக்கில் திருவிடைமருதூருக்குப் போனாள்.

கீழவீதியில் சாணை பிடிக்கிற சிங்காரவேலு மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்திச் சாணைக்கல்லை ஓடவிட்டிருந்தார். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பொக்கைதானே, எடுத்துடலாம். யாரு, வீட்டுக்காரரோடதா?"

"ம்."

"தெரியாம எடுத்தியாக்கும்." அவர் சிரித்தார். பூர்ணிமா சிரிக்கவில்லை.

கல்லில் வைத்தார். பொறி பறந்தது. பொக்கை அப்படியே இருந்தது. "இது என்னம்மா, கல்லையே திங்குது!" இன்னும் அழுத்திப் பிடித்தார். கல் கத்தியது. விளிம்போரம் மஞ்சளாக ஒரு நிறம் ஓடி, ஊதாவாகி, மயில் கழுத்து நீலமாக நின்றது.

"நிறம் மாறுதே. தண்ணி தொட வேணாமா?"

"ஓடுற கல்லுல தண்ணி ஊத்துனா மூஞ்சியெல்லாம் அடிக்கும். இது வெறும் அழுக்கு, தேச்சாப் போயிடும்."

உப்புத்தாளால் தேய்த்தார். நீலம் போய்விட்டது. முனை வந்திருந்தது, பொக்கை மறைந்திருந்தது. ஒரு தாளைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வெண்ணெய் மாதிரி போயிற்று.

"ஒண்ணு சொல்லிடறேன். பிடி கிட்டக்க இந்தப் பூண் தடுக்குது, கல்லு ஏறல. ஒரு விரற்கடைக்குப் பழசுதான் நிக்கும். பாத்தா தெரியாது."

"பரவால்ல" என்று வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். இருட்டுவதற்குள் கத்தி அலமாரியில் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று பிரபு கத்தியைக் கையில் எடுத்தான். விரித்தான். சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பூர்ணிமா அரிசி களைந்துகொண்டே அவன் முதுகைப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வேலை தொடங்கி நாலு நாளில் கத்தியின் லட்சணம் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இடுப்பு பெல்ட்டில் அதைத் தீட்டுவான். காலையில் வெட்டும், மத்தியானம் வழுக்கும். பெருவிரல் நகத்தில் விளிம்பை வைத்துப் பார்ப்பான். முன்பெல்லாம் நகத்தில் பல் பதிகிற மாதிரி பிடிக்கும். இப்போது சறுக்கியது. அவனுடைய இடது முன்கையில் மெல்ல மெல்ல மயிர் முளைக்க ஆரம்பித்தது. பூர்ணிமா அந்தக் கையைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சதீஷ் வாட்ஸாப்பில் கூப்பிட்டான்.

"அண்ணி, அண்ணன் போன எடுக்க மாட்டேங்குது. மெஷின்ல நிக்குதா?"

"ஆமா தம்பி. வைத்தியலிங்கம் வயலு. மழை வரும்போல இருக்குன்னு காலையிலயே போயிட்டாங்க."

"நேத்து வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்துச்சு. கத்தி அடிக்கடி மழுங்குது, சாணை புடிச்சா அப்படி ஆகுமான்னு கேட்டுச்சு. யாராச்சும் மோட்டார் கல்லுல வச்சாங்களா அண்ணி?"

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வச்சிருந்தா போச்சு. அது சூட்டுல பதம் ஏத்துன எஃகு. மறுபடி சூடு கண்டா பதம் இறங்கிடும். நீலமாச்சுன்னா அந்த விளிம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். மேல தேச்சு நிறத்த எடுத்துடலாம், உள்ள எடுக்க முடியாது. எத்தனை தடவை தீட்டுனாலும் நாலு வெட்டுல மடங்கிடும்."

"அப்ப அதால நூலு..."

"அதுக்குத்தான் கூப்புட்டேன். அந்த நூலு வழுவழுன்னு இருக்கும். ஒரு இழுப்புல அறுக்குறத பத்து இழுப்பு இழுக்கும். அதுவும் எஞ்சின ஓட வச்சுக்கிட்டு. அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி, அந்தக் கத்திய உள்ள விட வேணாம்னு."

பூர்ணிமா பிரபுவுக்கு மூன்று தடவை போன் அடித்தாள். எஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? வீரையனுக்கு அடித்தாள், அதுவும் அடித்து ஓய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வாய்க்கால் ஓரத்து மண் சாலையில் இரண்டு மைல். போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'நான்தாங்க முனைய ஒடிச்சேன். நான்தாங்க சாணை புடிச்சேன்.' ரொம்பச் சுலபமான இரண்டு வாக்கியம். கிழக்கே கடல் பக்கம் வானம் ஈயச்சட்டி மாதிரி கறுத்திருந்தது.

வைத்தியலிங்கத்தின் பதினைந்து மா நிலத்தில் பாதிக்கு மேல் கட்டி முடித்திருந்தார்கள். உருளைகள் அங்கங்கே கிடந்தன. வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற வைத்தியலிங்கம், எழுபது வயதுக்காரர், அவளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"ஏம்மா, வண்டிய நிறுத்தச் சொல்லிடாத தாயி. மேகத்தப் பாரு. நனைஞ்சா மாடு மோந்துகூடப் பாக்காது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அறுத்த நெல்லின் அடித்தாள் உள்ளங்காலில் குத்தியது. மெஷின் அப்போதுதான் நின்றது, நூல் சிக்கியிருந்தது. வீரையன் லிவரைப் பின்னுக்குத் தள்ளினார். எஞ்சின் 'தடதட'வென்று ஓடிக்கொண்டே இருந்தது. பிரபு தூசுக்காக மூக்கையும் வாயையும் மூடித் துண்டைப் பின்கழுத்தில் முடிந்திருந்தான். முடிச்சின் இரண்டு நுனிகளும் தோளுக்கு மேல் தொங்கின. கத்தியை விரித்துக்கொண்டு மெஷினின் வாய்ப்பக்கம் போனான்.

"என்னங்க, இருங்க!"

திரும்பிப் பார்த்தான். துண்டை மூக்குக்குக் கீழே இறக்கினான். "நீ எங்க இங்க?"

"அந்தக் கத்திய இப்படிக் குடுங்க."

"எதுக்கு? தேங்கா எடுக்கவா?"

வீரையன் டிராக்டர் மேலிருந்து சிரித்தார். "குடுத்து விடு தம்பி, தங்கச்சி சட்னி அரைக்கட்டும். நாம பல்லால கடிச்சு அறுத்துக்குவோம்."

பூர்ணிமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தெரிந்துதான் சொல்கிறானா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறானா? அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த இரண்டு வாக்கியமும் வெளியே வரவில்லை. பின்னால் வைத்தியலிங்கம், "ஆவட்டும்ப்பா, ஆவட்டும்" என்று கத்தினார்.

பிரபு துண்டை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கை வெளியே வரவில்லை. கத்தி முன்னும் பின்னும் போய்வந்தது. ஆறு, ஏழு. அவன் நூலை இழுத்து விறைப்பாக்குவதற்காக இடது கை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இன்னும் உள்ளே சாய்ந்தான். கை தோள் வரைக்கும் உள்ளே போயிற்று. துண்டின் நுனிகள் உருளை மேல் தொங்கின. பதினொன்று, பன்னிரண்டு.

"நான்தாங்க!" என்று கத்தினாள் பூர்ணிமா. "வெளிய வாங்க, அது வெட்டாது, நான்தான்..."

'கடக்' என்றது லிவர்.

தண்டு மூன்று சுற்றோ நான்கு சுற்றோதான் சுற்றியிருக்கும். வீரையன் நிறுத்தும் கம்பியைப் பிடுங்கி இழுத்துவிட்டார். எஞ்சின் இருமி அடங்கியது. அத்தனை நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போனதும், வயலில் ஒரு கொக்கு இறக்கை அடித்து எழும்புவது கேட்டது.

பிரபுவின் கன்னம் மெஷினின் தகட்டோடு ஒட்டியிருந்தது. நூலும் துண்டும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு, கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கயிறாகி, அவன் பின்கழுத்திலிருந்து உருளைக்குள் போயிருந்தது. முன்பக்கம் துண்டு தொண்டைக்குள் புதைந்திருந்தது. இடது கை நூலில் மாட்டித் தலைக்கு மேல் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கால்கள் மட்டும் வைக்கோலை உதைத்தன.

வீரையன் குதித்து வந்து தண்டைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தண்டு அசையவில்லை, உள்ளே வைக்கோல் கல்லாக இறுகியிருந்தது. "அரிவாள், அரிவாள் எடுங்க!"

வைத்தியலிங்கம் நாலு பக்கமும் பார்த்தார். பதினைந்து மாவையும் அறுவடை வண்டி அறுத்த வயல் அது. அரிவாளுக்கு அங்கே என்ன வேலை? "வீட்டுலல்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்த வயதில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கத்தி வைக்கோலில் விழுந்து கிடந்தது. பூர்ணிமா எடுத்தாள். கழுத்துக்கும் உருளைக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. முறுக்கின் மேல் வைத்து இழுத்தாள். கண்ணாடி மேல் போகிற மாதிரி வழுக்கியது. நூலில் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். கத்தி சறுக்கிப் போய் அவன் காதுக்குப் பின்னால் கிழித்தது. ரத்தம் வழிந்தது. விளிம்பு மடங்கிப்போய் வெள்ளை நூல் மாதிரி பளபளத்தது.

"விடாத தங்கச்சி, விடாத" என்றார் வீரையன், தண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு. அவர் குரல் அழுதது.

கால்கள் உதைப்பது குறைந்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் கண் அவளையே பார்த்தது.

ஒரு விரற்கடைக்குப் பழசுதான் நிக்கும்.

யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி அவளுக்குக் கேட்டது. கல் ஏறாத இடம். தீப்பொறி தொடாத இடம். கத்தியைப் பின்னுக்கு இழுத்து, பிடியையே முறுக்கோடு ஒட்ட வைத்தாள். பூண் உரசுகிற அந்த ஓரத்தை நூலில் பதித்தாள். இழுக்க இடமில்லை, ஒரு விரற்கடையில் என்ன இழுப்பது? கட்டைவிரலால் அலகின் முதுகை அழுத்தினாள், அரைக்கீரைத் தண்டை நறுக்குகிற மாதிரி.

'நறுக்.'

ஒரு நூல் தெறித்துப் போயிற்று. இன்னொன்று. கட்டைவிரல் வெட்டுப்பட்டதோ என்னவோ, அவளுக்குத் தெரியவில்லை. மூன்று. நாலு. நூல் முடிந்து துண்டு வந்தது. வேர்வையில் ஊறிய பருத்தித் துண்டு. அந்த ஓரம் அதையும் கடித்தது. பாதி அறுந்ததும் மீதி தன் முறுக்கிலேயே படபடவென்று பிரிந்து அறுந்தது. பிரபு பின்பக்கமாக வைக்கோலில் விழுந்தான். முஷ்டியைப் பிடித்திருந்த நூலையும் அதே ஓரத்தால் அறுத்துவிட்டாள். கழுத்து முடிச்சை வீரையன் பல்லால் இழுத்துப் பிரித்தார்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம், தண்ணீர் ஏறாத பம்புசெட் காற்றை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. மறுபடி வந்தது. மறுபடியும்.

பூர்ணிமா அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வைத்தியலிங்கம் அரிவாளோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எங்க, எங்க வெட்டணும்?"

"மழைய வெட்டுங்க" என்றார் வீரையன். சொல்லிவிட்டு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முதல் தூறல் தகட்டில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குச் சேதம் இல்லை. தொண்டைதான் நசுங்கி வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் பேசவே கூடாது என்றார் டாக்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். பிரபுவின் கழுத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு வளையம். பூர்ணிமாவின் கட்டைவிரலில் நாலு தையல்.

கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கத்தி நடுவில் கிடந்தது.

"இந்தத் தடவை நீங்களா பேசாம இல்ல, டாக்டர் சொல்லிப் பேசாம இருக்கீங்க. அதனால நான் சொல்லி முடிச்சிடறேன்" என்று ஆரம்பித்தாள். தேங்காய், 'டிக்' என்ற சத்தம், பொட்டுக்கடலை, கீழவீதி, நீல நிறம், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த இரண்டு வாக்கியம். ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

முடித்ததும் பிரபு கையை நீட்டிக் கத்தியை எடுத்தான். விரித்தான். அவள் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்கைக் காட்டிக் கையை நீட்டினான். கழற்றிக் கொடுத்தாள். அலகு மடிகிற சந்தில் ஊக்கின் நுனியை விட்டு நெம்பினான். ஏதோ ஒன்று கழன்று வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

மஞ்சள் பூத்துக் காய்ந்த ஒரு தேங்காய்த் துணுக்கு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பத் தெரியும்?"

அவன் நெற்றியில் புறங்கையை வைத்துக் காட்டினான். காய்ச்சல் விட்டு எழுந்த அன்றைக்கே. பிறகு விளிம்பைத் தொட்டு, விரலைச் சக்கரம் மாதிரி சுற்றினான். சாணை பிடித்ததும் தெரியும். அதனால் கத்திக்கு என்ன ஆகும் என்பது மட்டும் அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அவளைச் சுட்டினான், தன் வாயைத் தொட்டான், காத்திருந்ததாகக் கையை விரித்தான். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.

அழுகைதான் வரும் என்று பூர்ணிமா நினைத்தாள். கோபம் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே அதையா கொண்டுபோய் மெஷின்ல விட்டீங்க? பிள்ளைங்க இல்லாத வீட்டுல ரெண்டே பேரு. ஒருத்தி வாயத் தொறக்கல, இன்னொருத்தரு வாயத் தொறக்கல. நடுவுல அந்தச் சனியன் புடிச்ச லிவரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கழுத்து வலித்திருக்க வேண்டும், உடனே நிமிர்ந்தான்.

போன் அடித்தது. வலங்கைமான் பக்கத்து நம்பர். நாளைக்கு முறை போட்டிருந்த வயல்காரர்.

"இல்லங்க, நாளைக்கு வண்டி வராது" என்றாள். "செல்ப் மோட்டாரும் லிவரும் மாத்துறோம். நாலு நாளாவும்... மழ பேஞ்சா பேயட்டுங்க. வேற மெஷின் கிடைச்சா சொல்லிக்கோங்க, தப்பா நினைக்க மாட்டோம்."

பிரபு கையை உயர்த்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள்.

"ஆமாங்க. இனிமே எங்க வண்டி நிறுத்தித்தான் சிக்கெடுக்கும். கொஞ்சம் மெதுவாத்தான் ஆவும்."

அவன் உயர்த்திய கை மெல்ல இறங்கிற்று. கத்தியை மடித்து அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைத் தொடவில்லை. உள்ளங்கையில் இருந்த தேங்காய்த் துணுக்கை மூடிப் பிடித்துக்கொண்டு, அடுத்த நம்பரைத் தேடினாள்.